கூட்ஸ் பெட்டியின் மேல் எழுதியது யார், எப்போது? மாடல் ரயிலில் கிராஃபிட்டியும் குறிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்கச் சரக்கு ரயில்களை மாடலாகச் செய்பவர்கள் அதிகம் கேட்பது கிராஃபிட்டி (அனுமதியில்லாமல் ஸ்ப்ரே பெயின்ட்டில் எழுதுவதும் வரைவதும்) பற்றித்தான். டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) சுலபமாகக் கிடைக்கிறது. ஒட்டினால் பெட்டிக்கு உடனே உயிர் வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் 1968-ஐக் காட்டும் லேஅவுட்டில் (மாடல் ரயில் ஓடும் அமைப்பில்) பலூன் மாதிரி உப்பிய எழுத்துகளோடு ஒரு பெட்டி ஓடினால், விவரம் தெரிந்தவர் கண்ணுக்குத் தூசி விழுந்தது போல உறுத்தும். பல வருடங்களாக இதே வேலையில் இருப்பதால், என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டீக்கலை எடுப்பதற்கு முன்னால் முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

வருடத்தை. "எழுபதுகள்", "தொண்ணூறுகள்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 1977 அக்டோபர், 1996 கோடை என்று ஒரு காகிதத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

கூட்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஒவ்வொரு குறிக்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு. ரயில்வே போட்ட ஸ்டென்சில், யார்டு குமாஸ்தா சாக்பீஸால் கிறுக்கியது, இரவில் யாரோ ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனது, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் தேதிக்குப் பிறகு பிறந்த குறி பெட்டியில் இருக்கக் கூடாது. முன்னால் பிறந்தது இருக்கலாம், ஆனால் அதற்குரிய வயதோடு, வெயில் பட்டு மங்கி இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஸ்ப்ரே கிராஃபிட்டி கூட்ஸ் பெட்டிகளுக்கு எப்போது வந்தது?

பலர் நினைப்பதைவிடத் தாமதமாகத்தான் வந்தது. ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவே 1949-ல் இல்லினாய் மாநிலத்தில் எட் சீமோர் என்பவர் உருவாக்கியது. பெயரைச் சுவரில் ஸ்ப்ரேயால் எழுதும் பழக்கம் 1960-களின் பின்பாதியில் பிலடெல்பியாவில் வளர்ந்தது. கார்ன்பிரெட் என்ற பெயரில் எழுதிய இளைஞர் அங்கே பிரபலம். அப்புறம் நியூயார்க். 1971-ல் ஒரு பெரிய நாளிதழ் டாக்கி 183 என்ற பெயரை எழுதி வந்தவரைப் பற்றிச் செய்தி போட்டதும், நகரம் முழுக்க அது தொற்றிக்கொண்டது. எழுபதுகள் நெடுக அவர்களுக்குக் கான்வாஸாக இருந்தது பாதாள ரயில். கூட்ஸ் ரயிலை அப்போது அவர்கள் அவ்வளவாகத் தொடவில்லை.

எண்பதுகளில் நியூயார்க் போக்குவரத்து நிர்வாகம் பாதாள ரயில்களை விடாமல் சுத்தம் செய்தது. எழுத்து இருக்கும் ரயிலை வெளியே விடுவதில்லை என்று நின்றது. 1989 மே மாதம் கடைசி ரயிலும் சுத்தமாகிவிட்டதாக அறிவித்தது. எழுதியவர்களுக்கு வேறு கான்வாஸ் தேவைப்பட்டது. கூட்ஸ் பெட்டியை யாரும் அவசரமாகக் கழுவுவதில்லை. அது நாடு முழுக்கச் சுற்றும், எழுதிய பெயரும் கூடவே சுற்றும். எண்பதுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது, தொண்ணூறுகளில் மளமளவென்று பெருகியது. 2000-க்குப் பிறகு எழுத்தே இல்லாத பழைய பாக்ஸ்காரை (நாலு பக்கமும் மூடிய கூட்ஸ் பெட்டியை) தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆக, 1980-க்கு முந்தைய லேஅவுட்டில் பல வண்ண ஸ்ப்ரே ஓவியம் வேண்டவே வேண்டாம். 1985 என்றால் நீளமான ரயிலில் ஒன்றிரண்டு, அதுவும் எளிமையான எழுத்து. 1995 என்றால் ஐந்தாறு பெட்டிக்கு ஒன்று. இன்றைய காலம் என்றால் எழுத்தில்லாத பெட்டிதான் விதிவிலக்கு. இந்த விகிதங்கள் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து நான் வைத்துக்கொண்ட கணக்கு. உங்கள் ரயில்வே, உங்கள் ஊர்ப் படங்கள் வேறு மாதிரி சொன்னால் படத்தையே நம்புங்கள்.

என் லேஅவுட் 1950-களைக் காட்டுவது. அப்படியானால் பெட்டிகளில் எதுவுமே எழுதக் கூடாதா?

எழுதலாம், தாராளமாக! என்னைக் கேட்டால் ஸ்ப்ரே காலத்தைவிட அந்தக் காலம்தான் இன்னும் அழகு.

அப்போது பெட்டியில் எழுதியதில் பெரும்பங்கு வேலைக்காக எழுதியது. கணினி இல்லாத யார்டில், ரயில் வந்து நின்றதும் குமாஸ்தா பெட்டி பெட்டியாக நடந்து போய் எண்களைக் குறித்துக்கொள்வார். எந்தத் தண்டவாளத்துக்கு, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பெட்டியின் மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுவார். ஷன்டிங் ஆட்கள் அதைப் பார்த்துப் பிரிப்பார்கள். ஒரு எண், இரண்டு மூன்று எழுத்து, ஒரு அம்புக்குறி, ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். அடுத்த யார்டில் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதுவார்கள். மழை பாதியை அழிக்கும். இப்படி அடுக்கடுக்காக மங்கிய வெள்ளைக் கிறுக்கல் இல்லாத ஐம்பதுகளின் பாக்ஸ்கார், தொழிற்சாலையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி இருக்கும்.

கூடவே கதவிலும் பெட்டியின் முனையிலும் சிறிய மரப்பலகைகள் உண்டு. போக வேண்டிய இடம், சரக்கின் எச்சரிக்கை ஆகியவற்றை எழுதிய காகித அட்டைகளை அதில்தான் அடித்து வைப்பார்கள். கிழிந்த காகிதத்தின் மூலை மட்டும் ஆணியில் மாட்டிக்கொண்டு நிற்பதையும் மாடலில் காட்டலாம். ஒரு துளி வெள்ளை டிஷ்யூ காகிதம் போதும்.

அப்புறம் மோனிகர். இது ஒரு மனிதனின் கையெழுத்து ஓவியம். ஒரே கோட்டில், சில நொடிகளில் வரைவது.

மோனிகர் என்றால் வீடற்று ரயிலேறித் திரிந்தவர்கள் வரைந்ததுதானே?

பாதிதான் உண்மை. ரயிலேறித் திரிந்த ஹோபோக்களும் எழுதினார்கள். ஆனால் புகழ்பெற்ற பல மோனிகர்களுக்குப் பின்னால் இருந்தது ரயில்வே ஊழியர்கள். கையில் சாக்பீஸ், கண் முன்னால் நகரும் பெட்டிகள், நடுவே காத்திருக்கும் நேரம், மூன்றும் இருந்தது அவர்களுக்குத்தானே.

போஸோ டெக்ஸினோ என்பது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் டெக்சாஸைச் சேர்ந்த ரயில்வே ஊழியர் ஜே.எச். மெக்கின்லி தொடங்கியது. படுத்துக் கிடக்கும் எட்டு மாதிரி அகன்ற தொப்பி விளிம்பு, அதன் கீழே புகை பிடிக்கும் ஒரு முகம். பின்னாளில் வேறு கைகளும் அதைத் தொடர்ந்தன. செயின்ட் லூயிஸ் யார்டுகளில் வேலை பார்த்த ஹெர்பி, பனை மரத்தடியில் பெரிய தொப்பியோடு உட்கார்ந்து தூங்கும் ஒரு ஆளை வரைந்துகொண்டே இருந்தார். ஐம்பதுகள் முதல் எண்பதுகளின் தொடக்கம் வரையிலான லேஅவுட் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பனைமரம் ஒன்று இருந்தால் சரியாகவே இருக்கும். ஆர்கன்சாஸ் மாநிலம் கர்டன் ஊரைச் சேர்ந்த பிரேக்மேன் பஸ் பிளர், கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ் என்ற பெயரில் புகைக்குழாயோடு ஒரு கௌபாயின் பக்கவாட்டு முகத்தை 1971-லிருந்து வரைந்தார். ஒவ்வொரு முகத்தின் கீழேயும் புதிதாக ஒரு வாசகம் இருக்கும்.

கடைசி வருடத்தைக் கவனியுங்கள். 1965-ஐக் காட்டும் பெட்டியில் அந்தக் கௌபாயை வரைந்தால், ஸ்ப்ரே ஓவியம் போட்ட அதே தவறுதான், அளவு மட்டும் சிறியது.

மோனிகரை மாடலில் எவ்வளவு பெரிதாக, எங்கே வரைவது?

தரையில் நிற்கும் ஒரு ஆளை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாக்ஸ்காரின் பக்கச்சுவர் தண்டவாளத்திலிருந்து சுமார் மூன்று, மூன்றரை அடி உயரத்தில் தொடங்குகிறது. ஆளின் கண் ஐந்தரை அடியில் இருக்கிறது. ஆகவே கை இயல்பாகப் போகும் இடம் பக்கச்சுவரின் கீழ் இரண்டு மூன்று அடிதான். எச்.ஓ. (HO, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) என்ற மாடல் அளவில் ஒரு அடி என்பது 3.5 மி.மீ. அதனால் மோனிகர் பக்கச்சுவரின் அடியிலிருந்து 10 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அதைவிடச் சிறிய 'என்' (N, 160-ல் ஒரு பங்கு) அளவில் ஒரு அடி 1.9 மி.மீ., அங்கே 6 மி.மீ.க்குள்.

ஒரு அடி உயர ஓவியம் எச்.ஓ.வில் மூன்றரை மி.மீ.தான். சாக்பீஸ் கோடு அரை அங்குலம் என்று வைத்தால் மாடலில் 0.15 மி.மீ. வெள்ளை ஜெல் பேனா இதற்குத் தடிமன். நான் முதலில் ஜெல் பேனாவால்தான் வரைந்தேன். பார்க்க யாரோ பெயின்ட் ரோலரால் எழுதிய மாதிரி இருந்தது. இப்போது செய்வது இதுதான்: பெட்டிக்கு டல்கோட் என்ற பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து மேட்டாக ஆக்கிவிட்டு, வெள்ளைக் கலர் பென்சிலை ஊசி மாதிரி சீவி, அழுத்தாமல் வரைகிறேன். நாலு கோடு போட்டதும் மறுபடியும் சீவ வேண்டும். பிடிக்காவிட்டால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். பாதி துடைத்ததே பழைய சாக்பீஸ் மாதிரி அழகாக இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். சாக்பீஸ் தூளைத் தூவி மேலே டல்கோட் அடித்தால் தூள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். பென்சில் கோடு அதைவிட நன்றாகத் தாங்குகிறது.

பின்னாளில் மோனிகர் வரைந்தவர்கள் எண்ணெய் கலந்த பெயின்ட் ஸ்டிக்குக்கு மாறினார்கள். அது மழையில் அழியாது, வருடக்கணக்கில் நிற்கும்.

ரயில்வேயே போட்ட குறிகளில் எவற்றில் அதிகம் தவறு நடக்கிறது?

இதில்தான் மாடல் கம்பெனிகளும் சறுக்குகின்றன, நாமும் சறுக்குகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வண்ணப் பட்டைக் குறி. கார்ட்ராக் என்ற பெயரில் 1967-லிருந்து பெட்டிகளில் ஒட்டப்பட்டது. சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு என 13 அடுக்குப் பட்டைகள். தண்டவாளத்தோரம் நிற்கும் ஸ்கேனர் அதைப் படித்து எந்தப் பெட்டி போகிறது என்று சொல்லும். இன்று கடையில் பார்க்கும் பார்கோடுக்கு அண்ணன் மாதிரி. எழுபதுகளின் நடுவில் ஏறத்தாழ எல்லாப் பெட்டியிலும் இருந்தது. ஆனால் அழுக்கு படிந்தால் படிக்க முடியவில்லை, எழுபதுகளின் கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். யாரும் மெனக்கெட்டு உரிக்கவில்லை. அதனால் 1972-ல் கட்டிய பெட்டி, இடையில் பெயின்ட் மாற்றாமல் 1995-ல் ஓடினால் அந்தப் பட்டை மங்கி, உரிந்து, பாதி இருக்கலாம். 1982-ல் கட்டிய பெட்டியில் இருக்க முடியாது. நிஜத்தில் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், எச்.ஓ.வில் 6 மி.மீ. சொச்சம்.

மஞ்சள் புள்ளி. கறுப்புச் சதுரத்தில் ஒரு மஞ்சள் வட்டம். 1978-ல் யூ-1 என்ற வகை 33 அங்குல வார்ப்புச் சக்கரங்கள் உடைந்து ஆபத்தானதால், நாடு முழுக்கப் பெட்டிகளைச் சோதிக்க உத்தரவு வந்தது. அந்தச் சக்கரம் இல்லை என்று உறுதியானால் மஞ்சள் புள்ளி. 1978-க்கு முந்தைய லேஅவுட்டில் இது தெரிந்தால் ஒரு கத்தி நுனியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை. இவ்வளவு சிறிய குறி, ஆனால் லேஅவுட்டின் தேதியை இதைப்போலத் துல்லியமாகச் சொல்வது வேறில்லை. எனக்கு மிகவும் பிடித்த குறி இது.

பராமரிப்புக் கட்டம். எண்ணெய் போட்டது, பிரேக் சோதித்தது எப்போது என்று எழுதும் கறுப்புப் பின்னணிக் கட்டங்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தன. அதற்கு முன்னால் அந்தத் தேதிகள் பெட்டியில் ஆங்காங்கே சின்ன எழுத்தில் ஸ்டென்சிலாக இருந்தன. இன்று விற்கும் பல "ஐம்பதுகள்" மாடல்களில் இந்தக் கறுப்புக் கட்டம் இருக்கிறது. எடுத்துவிட வேண்டும்.

கூரை நடைபலகை. இது குறி இல்லை, ஆனால் குறியோடு சேர்ந்தது. கூரை மேல் நடந்து கைபிரேக்கைத் திருகும் காலம் முடிந்ததால், 1966-லிருந்து புதிய பாக்ஸ்கார்கள் நடைபலகை இல்லாமல் வந்தன. பழைய பெட்டிகளிலிருந்தும் வருடங்கள் பல எடுத்து மெதுவாகக் கழற்றினார்கள், உயர ஏணிகளையும் குட்டையாக்கினார்கள். கழற்றிய பெட்டியில் கூரைக்கு ஏறாதே, நடைபலகை இல்லை என்ற எச்சரிக்கை ஸ்டென்சில் வந்தது. நடைபலகையும் வைத்து அந்த எச்சரிக்கையும் எழுதிய மாடலை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஏ.இ.ஐ. டேக். ரேடியோ அலையால் படிக்கும் சிறிய சாம்பல் நிற பிளாஸ்டிக் சில்லு, இரண்டு பக்கமும் கீழ்ப்பகுதியில் இருக்கும். தொண்ணூறுகளின் முதல் பாதியில் எல்லாப் பெட்டிக்கும் வந்துவிட்டது. கடைசியாக ஒளி பிரதிபலிக்கும் பட்டை. ரயில்வே கிராசிங்கில் இரவில் கூட்ஸ் பெட்டி மேல் கார் மோதுவதைத் தடுக்க, 2005-ல் அமெரிக்க அரசின் மத்திய ரயில்வே நிர்வாகம் விதி கொண்டுவந்தது. மஞ்சள் அல்லது வெள்ளை, 4 அங்குல அகலம். பத்து வருட அவகாசத்தில் படிப்படியாக ஒட்டினார்கள். தொண்ணூறுகளின் லேஅவுட்டில் பக்கச்சுவரின் அடியில் வரிசையாக மஞ்சள் பட்டை தெரிந்தால் அது பத்து வருடம் முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எடை எழுதிய இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாகத் தெரிகிறதே, ஏன்?

காலி எடையைச் சரிபார்க்கப் பெட்டியைத் திரும்ப எடை போடுவார்கள். பழைய எண்ணின் மேல் ஒரு செவ்வகம் பெயின்ட் அடித்து, புது எடையும், எடை போட்ட இடத்தின் குறியீடும், மாதமும் வருடமும் எழுதுவார்கள். சுற்றிலும் பெட்டி வெளுத்திருக்க அந்தச் செவ்வகம் மட்டும் அடர்த்தியாக நிற்கும். 1948-ல் கட்டி 1956-ல் ஓடும் பெட்டியில் எடைத் தேதி 1948 என்றே இருந்தால் கணக்கு இடிக்கும். டீக்கல் தாளில் இருக்கும் சின்னத் தேதிகளை லென்ஸ் வைத்துத் தேடி எடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், கவனிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்ப்ரே அடிப்பவர்கள் பெட்டி எண்ணை மறைக்காமல் விடுவது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. பக்கச்சுவரின் இடது பக்கம் இருக்கும் இரண்டு முதல் நான்கு எழுத்துக் குறியும் எண்ணும்தான் பெட்டியின் அடையாளம். குறி எக்ஸ் என்ற எழுத்தில் முடிந்தால் உரிமையாளர் ரயில்வே அல்லாத தனியார் கம்பெனி. இந்த எண் தெரியாவிட்டால் பெட்டியை அனுப்ப முடியாது, ரயில்வே உடனே அதன் மேல் பெயின்ட் அடித்துத் திரும்ப எழுதும், ஓவியமும் போய்விடும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் எண்ணைச் சுற்றி வரைவார்கள். எண் மட்டும் சதுரமாக விடுபட்டு, சுற்றிலும் வண்ணம் ததும்பும்.

மாறாக, புதிதாக எழுத வந்தவர் எண்ணையே மூடிவிட்டால் ரயில்வே ஆள் ஒரு ரோலரோடு வருவார். பெட்டியின் நிறத்தோடு ஒட்டாத ஏதோ ஒரு பெயின்ட்டில் ஒரு திட்டு, அதன் மேல் வெள்ளை ஸ்டென்சிலில் எண். ஓவியத்தின் நடுவில் அந்தத் திட்டு ஒட்டுத்துணி மாதிரி நிற்கும். மாடலில் இதைச் செய்து பாருங்கள். டீக்கலை வேண்டுமென்றே எண்ணின் மேல் ஒட்டி, காய்ந்ததும் சின்னச் செவ்வகமாக வேறொரு சாம்பலோ பழுப்போ அடித்து, புது எண் டீக்கல் போடுங்கள். ஒரு ஓவியம், ஒரு திட்டு, ஒரு எண்: பெட்டிக்கு ஒரு கதை வந்துவிடும்.

இணைப்புக்குப் பிறகு உரிமையாளர் மாறிய பெட்டிகளிலும் இதே திட்டு வரும். 1999-ல் கான்ரெயில் என்ற ரயில்வே, சி.எஸ்.எக்ஸ்., நார்ஃபோக் சதர்ன் என்ற இரண்டு ரயில்வேக்களுக்கிடையே பிரிக்கப்பட்டபோது அதன் பெட்டிகள் சி.எஸ்.எக்ஸ். பக்கம் போனவை என்.ஒய்.சி. (நியூயார்க் சென்ட்ரல்) என்றும், நார்ஃபோக் சதர்ன் பக்கம் போனவை பி.ஆர்.ஆர். (பென்சில்வேனியா ரெயில்ரோடு) என்றும் குறி மாற்றப்பட்டன. எப்போதோ மறைந்த இரண்டு ரயில்வேக்களின் எழுத்துகள் திரும்ப வந்த தருணம் அது. கான்ரெயிலின் பழுப்புச் சிவப்பு, அதில் ஒரு திட்டு, அதன் கீழே தொண்ணூறுகளின் ஸ்ப்ரே. 2001 லேஅவுட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைக்காது.

டீக்கலைப் பக்கச்சுவர் முழுக்க ஒட்டலாமா?

கூரை வரை போகும் ஓவியங்கள் உண்டு, ஆனால் அதற்கு ஏணி வேண்டும், நேரம் வேண்டும். சாதாரணமாகத் தரையில் நின்று கையைத் தூக்கினால் ஏழு, ஏழரை அடி எட்டும். பக்கச்சுவர் தொடங்கும் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது நான்கு அடி, அதாவது எச்.ஓ.வில் 14 மி.மீ. சுவரின் மொத்த உயரத்தில் பாதிகூட இல்லை. ஓவியத்தின் அடி, சுவரின் அடியை ஒட்டியே இருக்கும். நடுச்சுவரில் அந்தரத்தில் மிதக்கும் எழுத்துதான் மாடல்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓவியம் ஒட்டுவது அடுத்த தவறு.

எந்த வகைப் பெட்டியில் அதிகம் எழுதுகிறார்கள்?

பாக்ஸ்கார், மூடிய ஹாப்பர் (தானியம் போன்றவற்றை அடிவழியாகக் கொட்டும் பெட்டி), குளிர்பதனப் பெட்டி, கார் ஏற்றும் ஆட்டோராக். அகலமான சுவர் இருக்கிறது, யார்டிலும் சைடிங்கிலும் நாள்கணக்கில் நிற்கின்றன. டேங்க் காரில் குறைவு. ஓயாமல் ஓடும் நிலக்கரி ரயில்களிலும் குறைவு. இன்ஜினில் மிக அரிது.

டீக்கல் வாங்குவதா, நானே வரைவதா?

இரண்டும் சரி. மைக்ரோஸ்கேல், பிளேர் லைன் போன்றவர்கள் கிராஃபிட்டி டீக்கல் விற்கிறார்கள். மைக்ரோ-டிரெயின்ஸ் 'என்' (N) அளவில் கிராஃபிட்டியோடு அழுக்கும் ஏற்றிய பெட்டிகளையே விற்கிறது. வாங்குவதில் ஒரு சிக்கல், ஒரே ஓவியம் ஊரெங்கும் ஓடும். இன்னொன்று, எழுதியவர்கள் ஓவியத்தின் ஓரத்தில் வருடத்தைக் குறிப்பது உண்டு. உங்கள் லேஅவுட் 1994, டீக்கலின் மூலையில் 03 என்று இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

வீட்டு பிரின்டரில் அச்சடிப்பதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். சாதாரண பிரின்டர் வெள்ளையை அச்சடிக்காது. தெளிவான டீக்கல் தாளில் அச்சடித்த மஞ்சள், பழுப்புப் பெட்டி மேல் ஒட்டியதும் சேறாகிவிடும். வெள்ளை டீக்கல் தாளில் அச்சடித்து எழுத்தின் விளிம்பு வரை நறுக்குங்கள், அல்லது ஓவியம் வரும் இடத்தில் முதலில் மெல்லிய வெள்ளை அடியுங்கள். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடுவதற்கு முன் தெளிவான வார்னிஷ் அடிக்காவிட்டால் மை கரைந்து ஓடும்.

விலா எலும்பு மாதிரி வரிகள் உள்ள சுவரில் டீக்கல் தூக்கிக்கொண்டு நிற்கிறதே?

முதலில் பளபளப்பான கோட் அடியுங்கள். ஒட்டிய பிறகு மைக்ரோசால் மாதிரி டீக்கலை மென்மையாக்கும் திரவத்தைத் தடவிவிட்டுத் தொடாமல் இருங்கள். சுருங்கி, பயமுறுத்தி, பிறகு தானாகப் படியும். காய்ந்ததும் வரியின் ஓரத்தில் புது பிளேடால் கீறி மறுபடியும் தடவுங்கள். மூன்று நான்கு சுற்று ஆகலாம். வரிகளின் பள்ளத்தில் டீக்கல் பாலம் கட்டி நின்றால், அது ஸ்டிக்கர் என்று மூன்றடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அழுக்கு, துரு எல்லாம் கிராஃபிட்டிக்கு முன்னாலா, பின்னாலா?

முன்னாலும் பின்னாலும். பெட்டி கட்டி இருபது வருடம் கழித்துத்தான் ஓவியம் வந்தது என்றால், அந்த இருபது வருட வெளுப்பும் துருவும் முதலில் வர வேண்டும். அதன் மேல் ஓவியம், அதன் மேல் ஓவியத்துக்குரிய வயது அளவு அழுக்கு. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு ஒரே தடவையாக அழுக்கு அடித்தால் எல்லாமே ஒரே நாளில் பிறந்த மாதிரி ஆகிவிடும். பழைய ஓவியத்தின் மேல் புதியது ஏறியிருக்கும் இடத்தில், அடியில் இருப்பதற்கு மட்டும் வெள்ளை கலந்த மெல்லிய கோட் அடித்து வெளுக்க வையுங்கள்.

நிஜமான ஒருவரின் ஓவியத்தை நகலெடுப்பது சரியா?

வீட்டில் உங்கள் பெட்டியில் வரைவதும், டீக்கலாக அச்சடித்து விற்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கிராஃபிட்டிக்கும் பதிப்புரிமைக் கேள்வி உண்டு. நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் வெள்ளையடித்து அழித்ததற்கு, 2018-ல் நீதிமன்றம் 67 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவை அனுமதியோடு வரைந்தவை. அனுமதியில்லாமல் கூட்ஸ் பெட்டியில் வரைந்ததை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் விற்பதற்கு அடுத்தவர் ஓவியத்தை எடுக்காதீர்கள். என் பெட்டிகளில் வரும் பெயர்களை நானே உருவாக்குகிறேன், அந்தக் காலத்து எழுத்து நடையை மட்டும் படங்களிலிருந்து கற்றுக்கொள்கிறேன்.

யார்டுக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். அது தனியார் இடம், நகரும் பெட்டி சத்தமே இல்லாமல் வரும். கிராசிங்கில், பொதுச் சாலையில் நின்று எடுங்கள். பெட்டிக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் அளவுகளும் பிடிபடும்.

இது சட்டவிரோதச் செயல்தானே, அதை ஏன் மாடலில் காட்ட வேண்டும்?

விருப்பமில்லாவிட்டால் கிராஃபிட்டி பரவாத ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள், மனச்சாட்சிக்கும் வரலாற்றுக்கும் சண்டை வராது. ஆனால் 2010-ஐக் காட்டிவிட்டு எல்லாப் பெட்டியையும் சுத்தமாக விடுவது வரலாறு இல்லை. தண்டவாளத்தோரம் நிஜமாகப் போனதைக் காட்டுவதுதான் நம் வேலை. துருவை ரசித்து வரைகிறோம், துரு நல்லது என்று யாரும் சொல்வதில்லையே.

ஒரே ஒரு பெட்டியை எடுத்து ஆரம்பத்திலிருந்து காட்ட முடியுமா?

என் மேஜையில் இருக்கும் ரெயில்பாக்ஸ் கம்பெனியின் பாக்ஸ்காரையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் உடல், கறுப்புக் கதவு, ஐம்பதடிப் பெட்டி, எச்.ஓ.வில் சுமார் 175 மி.மீ. நீளம். கட்டிய வருடம் 1975, லேஅவுட்டின் தேதி 2006 கோடை.

1975-ல் வந்ததால் நடைபலகை இல்லை, ஏணி குட்டை. வண்ணப் பட்டைக் குறி ஒட்டினேன், பிறகு கத்தி நுனியால் மேல் மூன்றில் ஒரு பங்கை உரித்து, மிச்சத்தின் மேல் பழுப்புக் கரைசல் தடவினேன். 1978-க்கு மஞ்சள் புள்ளி, அதையும் மங்க வைத்தேன். பராமரிப்புக் கட்டங்களில் பழையது ஒன்று, அதன் பக்கத்தில் தேதி புதிதாக இன்னொன்று. மஞ்சள் பெயின்ட்டை வெள்ளை கலந்து வெளுக்க வைத்து, கதவுத் தண்டவாளத்தின் கீழே துருக் கோடுகள் இழுத்தேன்.

எண்பதுகளின் அடையாளமாக வலது முனைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், அடியிலிருந்து 8 மி.மீ.க்குள், பெயின்ட் ஸ்டிக் மோனிகர் ஒன்று. மஞ்சள் மேல் வெள்ளை தெரியாது என்பதால் கறுப்பில். தொண்ணூறுகளில் ஏ.இ.ஐ. டேக். 1997 வாக்கில் வலது பாதியில் இரண்டு நிற ஸ்ப்ரே எழுத்து, வெள்ளி நிரப்பல், கறுப்பு விளிம்பு, 14 மி.மீ. உயரம். மோனிகரின் பாதியை அது விழுங்கிவிட்டது, வேண்டுமென்றே அப்படி விட்டேன். அதன் மேல் ஒன்பது வருட அழுக்கு. 2004-ல் இடது பக்கம் பல வண்ணத்தில் பெரிய ஓவியம், எண்ணைச் சுற்றி வளைந்து போகிறது, அழுக்கு குறைவு, நிறம் இன்னும் பளிச்.

கடைசியாக ஒட்டியது மஞ்சள் பிரதிபலிப்புப் பட்டை. 2005-ல் விதி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் இந்தப் பெட்டியில் அது புத்தம் புதிது. ஓவியத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறது, ஒரு துளி அழுக்கும் இல்லை.